எலும்பின் இருப்பு

தெல்தெனியவின் பழைய நகரம் இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றது. 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்ற அவ்வணை, மழைக்காலத்தில் மகாவலி நீரைத் தேக்கி வறட்சியில் வழங்குகின்றது. வரத்துக் குறைந்து நீர்மட்டம் இறங்குங்கால், மூழ்கிய கட்டடங்களின் இடிபாடுகள் வெளிப்படுவதை அவ்வூரார் அறிவர். நம் உடலிலும் இத்தகைய தேக்கம் ஒன்றுண்டு. அதுவே எலும்பு.

உடலிலுள்ள கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் உறைகின்றது. எஞ்சிய ஒரு பங்கு குறைந்தால் இதயமும் தசையும் செவ்வனே இயங்கா. ஆதலின் குருதியில் கல்சியம் சிறிது குறையினும், கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளின் ஓமோன் எலும்பிலிருந்து அதனை எடுத்து ஈடுசெய்கின்றது. ஏறத்தாழ முப்பது வயதில் உச்சம் பெறும் எலும்பின் திண்மை பின்னர் மெல்லக் குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ சில ஆண்டுகள் விரைந்து குறையும்.

இக்குறைவைத் தடுத்து நிறுத்தல் அரிது; தணித்தல் இயலும். கல்சியமும் பொசுபரசும் எலும்பிற்கு வன்மை தருவன. உண்ட கல்சியம் குடலிலிருந்து குருதியில் சேர விற்றமின் டி வேண்டும். அது தன் தொழிலைச் செய்ய மகனீசியம் வேண்டும். கீரைகளிலுள்ள விற்றமின் கே, எலும்பின் புரதம் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளத் துணை செய்கின்றது. ஐம்பது வயது கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கல்சியம் வேண்டுமென அமெரிக்க மருத்துவ அறிஞர் வகுத்துள்ளனர்.

அங்ஙனமாயின் மாத்திரை விழுங்கினாற் போதாதா? பிரான்சில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 பெண்களை ஆராய்ந்து 1992இல் வெளியான முடிவு, கல்சியமும் விற்றமின் டியும் பெற்றோரிடையே இடுப்பெலும்பு முறிவு குறைந்ததெனக் காட்டியது. ஆனால் அமெரிக்காவில் 36,282 பெண்களிடையே நடந்த ஆய்வில், 2006இல், முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சிறுநீரகக் கல்லோ மிகுந்தது. குறையுள்ளவர்க்கு மாத்திரை மருந்து. குறையில்லாதவர்க்கு அதனால் வரும் பயன் சிறிது என்பதே இவற்றால் நாம் கொள்ளத்தக்கது. வைத்தியரைக் கேளாது உட்கொள்ளுதல் நன்றன்று.

தெல்தெனியவுக்கு மேலே ரங்கலை மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். வெயிலும் ஏற்ற இறக்கமும் அவளுக்கு நாள்தோறும் வாய்க்கின்றன. வெயில் தோலில் விற்றமின் டியை உண்டாக்கும். நடை எலும்பை உரமாக்கும். எனினும் பாலற்ற தேநீரும் ரொட்டியும் கல்சியத்தை அதிகம் தருவதில்லை. வேலையினின்று ஓய்வு பெற்று லயத்தின் உள்ளே முடங்கினாலோ, வெயிலும் நடையும் ஒருங்கே அகல்கின்றன. முதுமையில் தோல் விற்றமின் டியை ஆக்கும் திறனும் குன்றுகின்றது. எலும்பிற்குத் துணை மிகுதியும் வேண்டிய வேளையில் துணை யாவும் விலகுகின்றன!

இதற்கு மாற்று எட்டாத பொருளன்று. நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியமுண்டு. முருங்கையிலை, எள்ளு, முள்ளோடு உண்ணும் நெத்தலிக் கருவாடு ஆகியனவும் அதனை நிரம்பத் தருவன. சாளை மீனிலும் முட்டையின் மஞ்சட்கருவிலும் விற்றமின் டி உண்டு. இவற்றோடு காலையில் சிறிது வெயிலும் நடையும் சேர்தல் வேண்டும்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதெய்தியவர். முறிந்த இடுப்பெலும்பு ஒரு மூதாட்டியைப் படுக்கையில் கிடத்தும். அவளைப் பேணவேண்டி, உழைக்கும் மகளும் நாட்கூலியை இழப்பாள். எல்லார்க்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை நம் தாய்மார் கைவிடுதல் வேண்டும். முப்பது வயதுக்குள் சேர்த்த இருப்பே முதுமையில் உதவுமாதலின், இக்கவனம் பேத்தியின் உணவுத்தட்டிலிருந்தே தொடங்குவதாக.