எரியாத விளக்கு

களனி கங்கை பாறைகளிடையே இரைந்தோடும் கித்துல்கலவில் ஒரு காலத்தில் மரப்பாலமொன்று நின்றது. ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காக எழுப்பப்பெற்று, அதற்காகவே தகர்க்கவும்பெற்ற பாலம் அது. 1957ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரதமர் பண்டாரநாயக்கா முன்னிலையில், ஓடும் புகையிரதத்தோடு அதனைத் தகர்க்க ஏற்பாடாகியிருந்தது. ஒளிப்பதிவாளர் ஒவ்வொருவரும் காப்பிடம் புகுந்ததும் விளக்கொன்றை ஏற்றி அறிவித்தல் வேண்டும். புகையிரதம் வந்தது, ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை. நெறியாளர் டேவிட் லீன் வெடியை நிறுத்தினார். வண்டி பாலத்தைக் கடந்துசென்று, அப்பால் நின்ற மின்னாக்கியில் மோதியது. மறுநாளே காட்சி படமாயிற்று. இழந்தது ஒரு நாள். காத்தது ஓருயிராகவும் இருக்கலாம்.

கணனி நிரல் எழுதுவோர் எண்ணிப் பார்க்கவேண்டிய நிகழ்ச்சி இது. நிரலின் சிறு கூறு ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயும் சோதனைகளையும் அவர்கள் உடன் எழுதிவைப்பர். ‘அலகுச் சோதனை’ என்பது அதன் பெயர். 100 ரூபாவுக்கு 5 வீத வட்டி 5 ரூபா என்றே விடை வருகிறதா என்று ஒரு சோதனை வினவும். நிரல் மாறுந்தோறும் கணனி தானே அவையனைத்தையும் நடத்திப் பார்க்கும். எல்லாம் தேறினாற் பச்சை; ஒன்று தவறினாலும் சிவப்பு.

சிற்சில வேளைகளில் ஒரு சோதனையைச் சிறிது காலம் ஒதுக்கிவைக்க நேரும். அது ஆராயும் பகுதி இன்னும் எழுதி முடியாதிருக்கலாம். அல்லது நிரலிற் குறையில்லாதபோதும் அச்சோதனை ஒருகால் தேறி, ஒருகால் தவறலாம். இதற்கென்றே ஜேயூனிட் என்னும் கருவியில் ‘புறக்கணி’ என்று பொருள்படும் குறியொன்று இருந்தது. 2017இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அது ‘முடக்கப்பட்டது’ என்றாயிற்று. இரண்டிலும் காரணம் எழுத இடமுண்டு. எழுதியே தீரவேண்டுமென்ற கட்டாயமில்லை.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. ஒதுக்கிய சோதனையைத் தவறியதாகக் கணனி கொள்வதில்லை. ஆதலால் ஏனையவை தேறியதும் பச்சை காட்டிவிடுகிறது. எரியாத விளக்கு லீனுக்கு ‘நில்’ என்றது. கணனிக்கோ அது ஒன்றும் சொல்வதில்லை. ‘தற்காலிகம்’ என்று வைத்த குறி ஆண்டுக்கணக்காய்க் கிடக்கும். வைத்தவர் வேறிடம் போயிருப்பார். ஒரு நாள் வட்டிக் கணக்குப் பிழைக்கும். ஏழையொருவரின் சேமிப்பு குறையும். பச்சை மட்டும் மாறாதிருக்கும்.

ஒதுக்குதல் குற்றமன்று. காரணம், பொறுப்பாளர், மீளும் நாள் ஆகிய மூன்றையும் அருகே குறித்துவைத்தல் வேண்டும். அந்நாள் வந்தும் மீளாத சோதனையைச் சிவப்பென்றே கொள்ளுதல் வேண்டும். மௌனம் சம்மதம் என்பது உலக வழக்கு. வெடிமருந்து வைத்த பாலத்தருகே அவ்வழக்குச் செல்லாது.