மீதி 23 மணி நேரம்

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது மூக்கில் டியூப், இடுப்பருகே யூரின் பை, கவர் நிறைய மாத்திரை, நாலு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு வார்டே சேர்ந்து பார்த்த வேலை, அன்று முதல் மனைவி தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது. தினமும் நர்ஸ் வந்தாலும் அவர் இருப்பது ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் நோயாளி வீட்டார் கையில்தான். அந்த நேரத்துக்கு வீட்டாரைத் தயார்செய்பவரே நல்ல நர்ஸ்.

புண் வருமுன்

படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் படுத்தி எடுப்பது படுக்கைப்புண். எலும்பு துருத்தும் இடங்களான பிட்டத்தின் மேல்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவற்றில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் அந்த இடத்தில் பவுடர் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். அது நொந்த தசையை மேலும் நோகடிக்கும். காற்றடைத்த வளையத்தை அடியில் வைப்பதும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். ஏர் பெட் வாங்கிப் போட்டாயிற்று என்று திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்திவிடக் கூடாது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஆளை இழுக்காமல் விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும்.

இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போவது பயிற்சி ஆகாது. மருமகளே ஒருமுறை புரட்டிக் காட்ட வேண்டும். நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த வேண்டும். டியூபில் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்துவது, யூரின் பையை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே தொங்கவிடுவது, டியூபையும் பையையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது ஆகியவற்றையும் இப்படித்தான் பழக்க வேண்டும்.

மாத்திரை டப்பா

முதல் நாளே நர்ஸ் கேட்க வேண்டியது வீட்டிலிருக்கும் மாத்திரை டப்பாவை. பிரஷருக்குப் பழைய டாக்டர் எழுதிய மாத்திரையும் ஆஸ்பத்திரியில் எழுதிய மாத்திரையும் பெயர்தான் வேறு, மருந்து ஒன்றாக இருக்கக்கூடும். இரண்டையும் விழுங்கினால் பிரஷர் இறங்கி, எழ முயலும்போது நோயாளி விழுந்துவிடக்கூடும். எல்லா அட்டைகளையும் சம்மரியோடு ஒப்பிட்டு, சந்தேகமானதை டாக்டரிடம் கேட்டுத் தெளிவுபடுத்தினால் மறுபடி அட்மிட் ஆவதைத் தவிர்க்கலாம்.

யார் வருகிறார்?

ஹோம் நர்ஸ் என்று ஏஜென்சி அனுப்பும் எல்லோரும் நர்ஸ் அல்லர். குளிப்பாட்டவும் ஊட்டவும் அட்டெண்டர் போதும். ஊசி, டியூப் மாற்றுதல், புண்ணுக்கு டிரெஸ்ஸிங் ஆகியவற்றுக்குச் செவிலியர் கவுன்சிலில் பதிவுபெற்றவர்தான் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. வசதியில்லாத வீட்டுக்கும் வாசல்வரை செவிலியர் வருவது பெரிய மாற்றம்தான்.

வரும் செவிலியர் வீட்டாரையும் பழக்குவதற்கு நெதர்லாந்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்கே யோஸ் டி ப்ளாக் என்ற செவிலியர் 2006இல் ‘பியூர்ட்ஸோர்க்’ என்ற வீட்டுச் செவிலியர் அமைப்பைத் தொடங்கினார். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கிடையாது. மேலாளர் யாரும் இல்லாமல் ஒரு வட்டாரத்து நோயாளிகளை அந்தக் குழுவே பார்த்துக்கொள்கிறது. தெரிந்த முகங்களே திரும்பத் திரும்ப வருவதால் நோயாளியிடம் தெரியும் சின்ன மாற்றமும் கண்ணில் படும். நோயாளியையும் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் பழக்கி, தங்கள் தேவையைக் குறைத்துக்கொண்டே போவதுதான் அவர்களுடைய பாணி.

நம் ஊரில் ஏஜென்சியும் சரி, அரசு அலுவலகமும் சரி, எத்தனை முறை போனோம் என்பதையே கணக்கு வைக்கின்றன. புதிதாகப் புண் வந்ததா, பழைய புண் எத்தனை சென்டிமீட்டர் சுருங்கியது, ஒரு மாதத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்ததா என்பதும் நோட்டில் ஏற வேண்டும். அந்த நோட்டு நோயாளியின் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்து வரும் நர்ஸும் டாக்டரும் முதலில் அதைப் புரட்டட்டும்.