சிறு சுரப்பி, பெரும் பணி



வார்டுகளில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஐயா, உடம்பு தேறிவிட்டது. இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" அது ஸ்டீராய்டு மாத்திரையானால், பதிலைப் பொறுத்து உயிரே தங்கியிருக்கலாம். ஏன் என்பதை விளக்க விரும்புகிறோம்.

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் சுரப்பிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான். உட்பகுதியில் சுரக்கும் அட்ரினலின், திடீர் ஆபத்தின்போது இருதயத்தைத் துரிதப்படுத்துகிறது. வெளிப்பகுதியில் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன், உடலின் உப்பைக் காக்கிறது. அங்கேயே சுரக்கும் கார்டிசால், காய்ச்சலையும் காயத்தையும் அறுவை சிகிச்சையையும் தாங்கும் பலத்தைத் தருகிறது.

இச்சுரப்பிகள் அழிந்தால் நேரிடுவதை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்தார். தீராத சோர்வு, மெலிவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின்மேல் அடங்காத ஆசை, உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கருத்துப்போதல் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். அவர் கண்ட நோயாளிகள் பலருக்குச் சுரப்பிகளை அரித்தது காசநோய். நம் நாட்டில் இன்றும் அது ஒரு முக்கிய காரணமே. 1940களின் இறுதியில் கார்டிசோன் மருந்து வரும்வரை இந்நோய் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. இன்றோ, ஆயுள் முழுவதும் தினமும் மாத்திரை உட்கொண்டு இவர்கள் நலமாக வாழ முடிகிறது.

சுரப்பி அழியாமலே இந்நிலை வருவதும் உண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ பல வாரங்கள் ஸ்டீராய்டு உட்கொள்ளும்போது, "தேவையானது இருக்கிறது" என்று மூளை சுரப்பிக்குக் கட்டளையிடுவதைக் குறைத்துவிடுகிறது. வேலையில்லாத சுரப்பி சுருங்கி உறங்கிப்போகிறது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அது உடனே விழிக்காது. வாந்தி, வயிற்றுவலி, இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று நிலைமை சில நாட்களிலேயே முற்றிவிடக்கூடும்.

ஆகவே, அக்கேள்விக்கு எங்கள் பதில் இதுவே: நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். வேறு மருத்துவரிடம் போனாலும் இம்மருந்தைப் பற்றி முதலிலேயே சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கடும் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரை தங்காமல் வாந்தியெடுத்தால் ஊசியே போடவேண்டும். அப்போது விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.