கூட்டைச் சுமக்கும் துறவி நண்டு: வீட்டில் வளர்ப்போர் அறிய வேண்டியவை

நத்தைக் கூட்டை முதுகில் சுமந்தபடி நகரும் துறவி நண்டுகள், நாட்டின் பெருநகரங்களில் உள்ள வண்ணமீன் கடைகளிலும் இணையவழி விற்பனையிலும் செல்லப்பிராணிகளாகக் கிடைக்கின்றன. குரைக்காது, முடி உதிராது, வெளியே அழைத்துச் செல்லவும் வேண்டியதில்லை என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிப்போர் குழந்தைகளுக்காக இவற்றை வாங்குகின்றனர். பராமரிப்பு மிக எளிது என்றே விற்பவர்களும் கூறுகின்றனர். ஆனால், இயற்கையில் 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய இந்த உயிரினம், வாங்கிய சில மாதங்களிலேயே பெரும்பாலான வீடுகளில் இறந்துவிடுகிறது. அமெரிக்காவில் வளர்ப்பாளர் ஒருவரிடம் ஒரு துறவி நண்டு 30 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்ந்தது என்பதைப் பார்க்கும்போது, குறை நண்டின் ஆயுளில் இல்லை, அது வாழும் தொட்டியில்தான் இருக்கிறது என்பது விளங்கும்.

துறவி நண்டுகளில் பெரும்பாலானவை கடலுக்குள் வாழ்பவை. கரையில் வாழ்பவை 'சீனோபிட்டா' என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. மடத்தில் வாழும் துறவியைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்த பெயர் இது. இந்தியாவில் அந்தமான் நிகோபார், லட்சத்தீவு கடற்கரைகளில் இவற்றைப் பரவலாகக் காணலாம். கடல்நீர்த் தொட்டிகளைத் தூய்மைப்படுத்துவதற்காக விற்கப்படும் சிறிய துறவி நண்டுகள் வேறு வகை. அவற்றை மணல் தொட்டியில் விட்டால் மூச்சுத் திணறி இறக்கும். கரைவாழ் நண்டை மீன்தொட்டிக்குள் போட்டால் அது மூழ்கி இறக்கும். வாங்கும்போதே இவ்வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுவோர் உண்டு.

மற்றொரு முக்கியச் செய்தி, விற்பனைக்கு வரும் கரைவாழ் துறவி நண்டுகள் ஏறத்தாழ அனைத்தும் கடற்கரைகளில் பிடிக்கப்பட்டவை என்பதாகும். வளர்ந்த நண்டு கரையில் வாழ்ந்தாலும், பெண் நண்டு கடலோரம் சென்று நீரில்தான் முட்டைகளை விடுகிறது. குஞ்சுகள் பல வாரங்கள் கடல்நீரில் மிதந்து, பல உருமாற்றங்களைக் கடந்து, கையில் கிடைத்த மிகச்சிறிய கூட்டுக்குள் புகுந்து கரையேறுகின்றன. இந்தச் சூழலைத் தொட்டியில் உருவாக்குவது மிகக் கடினம். அண்மை ஆண்டுகளில் ஒருசில ஆர்வலர்கள் இதில் வெற்றி கண்டிருந்தாலும், வணிக அளவில் இனப்பெருக்கம் நடைபெறுவதில்லை. எனவே கடையில் ஒரு நண்டு விற்கப்படுவது, கடற்கரையில் ஒரு நண்டு குறைவதற்குச் சமம்.

ஈரக் காற்றே மூச்சு

வீடுகளில் இவை இறப்பதற்கு முதன்மைக் காரணம் வறண்ட காற்றாகும். கரையில் வாழ்ந்தாலும் துறவி நண்டு செவுள்களின் மூலமே சுவாசிக்கிறது. செவுள்கள் ஈரமாக இருக்கும்வரைதான் காற்றிலுள்ள ஆக்சிஜனை அவற்றால் ஈர்க்க முடியும். இதற்காகவே நண்டு தன் கூட்டுக்குள் சிறிதளவு நீரை எப்போதும் தேக்கி வைத்திருக்கிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் செவுள்கள் உலரத் தொடங்கும். இது ஒரே நாளில் நிகழ்வதில்லை. நண்டு வாரக்கணக்கில் சோர்ந்து, உண்ணாமல், அசைவின்றிக் கிடந்து உயிர்விடுகிறது. அமைதியான பிராணி என்று பலர் எண்ணுவது, உண்மையில் மூச்சுக்குப் போராடும் பிராணியாக இருக்கக்கூடும்.

கடைகளில் நண்டுடன் சேர்த்து விற்கப்படும் கம்பிக் கூண்டுகள் இந்த வகையில் பெருங்கேடு. அவற்றில் ஈரப்பதம் தங்காது. கண்ணாடியாலான பழைய மீன்தொட்டியே ஏற்றது. அதன் மேற்புறத்தைக் கண்ணாடியாலோ அக்ரிலிக் தகட்டாலோ மூடி, சிறு இடைவெளி விட்டால் போதும். உள்ளே ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடும், வெப்பநிலை 24 முதல் 29 டிகிரி செல்சியசும் இருக்க வேண்டும். இரண்டையும் அளக்கும் சிறு மின்னணுக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நண்டை வாங்கும் முன் இதை வாங்குவதே முறை.

மும்பை, கொச்சி, சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதி இயற்கையே துணைநிற்கும். தில்லி, ஜெய்ப்பூர், நாக்பூர் போன்ற உள்நாட்டு நகரங்களில் நிலைமை வேறு. தில்லியில் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவது வழக்கம். குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே செல்கிறது. குளிரூட்டப்பட்ட அறைகளில் காற்று மேலும் வறண்டுவிடும். அத்தகைய இடங்களில் சூடேற்றும் விரிப்பு தேவைப்படும். அதைத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், மணல் மட்டத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். அடியில் வைத்தால், மணலுக்குள் புதைந்திருக்கும் நண்டு வெப்பத்தில் சிக்கிக்கொள்ளும்.

மணலுக்கு அடியில் நடப்பது

தொட்டியின் அடியில் அலங்காரத்துக்காகப் பரப்பப்படும் ஓரங்குல வண்ணக் கூழாங்கற்கள், துறவி நண்டுக்கு எந்தப் பயனும் அளிப்பதில்லை. அதற்குத் தேவை ஆழம். மற்ற நண்டுகளைப் போலவே இதுவும் வளர்வதற்குத் தன் மேலோட்டை உரித்தாக வேண்டும். அதற்காக ஈர மணலுக்குள் குடைந்து சென்று, சிறு குகை ஒன்றை அமைத்துக்கொண்டு, இருளில் தனித்திருக்கும். பழைய மேலோட்டை உரித்தபின் உடல் மிகவும் மென்மையாக இருப்பதால், மற்ற நண்டுகளிடமிருந்து மறைவு தேவை. உரித்த மேலோட்டையே உண்டு, அதிலுள்ள கால்சியத்தைக் கொண்டு புதிய மேலோட்டை இறுகச் செய்கிறது. சிறிய நண்டுக்கு இதற்குச் சில வாரங்கள் ஆகும். பெரிய நண்டு இரண்டு, மூன்று மாதங்கள்கூட வெளியே வராது.

ஆகவே, மணற்படுகை குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழமோ, தொட்டியிலுள்ள மிகப்பெரிய நண்டின் உயரத்தைப்போல மூன்று மடங்கோ, இவற்றில் எது அதிகமோ அந்த அளவில் இருக்க வேண்டும். ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்க் கழிவு என்ற விகிதம் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கடற்கரையில் சிறுவர்கள் மணல்வீடு கட்டுவதற்கு எவ்வளவு ஈரம் வேண்டுமோ, அவ்வளவு ஈரம் இருந்தால் குகை இடியாமல் நிற்கும். அதற்கு மேல் நீர் தேங்கினால் பூஞ்சை வளரும். நார்க் கழிவில் உரமோ பூச்சிக்கொல்லியோ கலந்திருக்கக் கூடாது.

நண்டைக் காணவில்லை என்று மணலைக் கிளறுவதுதான் வளர்ப்போர் செய்யும் மிகக் கொடிய செயல். தோலுரிக்கும் நண்டைத் தோண்டி எடுப்பது பெரும்பாலும் அதன் மரணத்தில் முடிகிறது. இதில் குழப்பத்துக்கும் இடமுண்டு. சில வேளைகளில் உரித்த மேலோடு கால்களும் கண்களும் சேர்ந்து முழு நண்டுபோலவே மணல்மேல் கிடக்கும்; அதை இறந்த நண்டென எண்ணி, கூட்டுடன் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். எடையின்றி, உள்ளே வெறுமையாக இருந்தால் அது உரித்த தோல். அழுகிய மீன் நாற்றம் வீசினால்தான் நண்டு இறந்துள்ளது என்று பொருள்.

நீரும் உணவும்

தொட்டியில் இரண்டு நீர்க்கிண்ணங்கள் வேண்டும். ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் உப்புநீர். நண்டு இரண்டிலும் இறங்கி, தன் கூட்டுக்குள் உள்ள நீரின் உப்புத்தன்மையைத் தானே சரிசெய்துகொள்ளும். உப்புநீருக்குச் சமையல் உப்பு உதவாது. கடல்மீன் தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்பை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைக்க வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரின் ஒருநாள் திறந்து வைத்தால் நீங்கிவிடும். சில நகரங்களில் சேர்க்கப்படும் குளோரமின் அவ்வாறு நீங்காது என்பதால், மீன் கடைகளில் கிடைக்கும் நீர்ச் சீராக்கியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. நண்டின் உடல் முழுவதும் அமிழும் ஆழமும், அது ஏறி வெளியேறச் சில கற்களும் கிண்ணத்தில் இருத்தல் அவசியம்.

உணவைப் பொறுத்தவரை இந்திய வீடுகளில் கவலையில்லை. தேங்காய்ச் சில்லு, வாழைப்பழம், மாம்பழம், கேரட், முருங்கைக்கீரை, அவித்த முட்டை, உப்பிடாத உலர்ந்த இறால், நெத்திலி என எதையும் உண்ணும். கால்சியத்துக்குக் கணவாய் ஓடும் பொடித்த முட்டையோடும் போதும். உப்பு, எண்ணெய், மசாலா சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. பொட்டலத்தில் வரும் உருண்டைத் தீவனங்கள் சிலவற்றில் தாமிர சல்பேட் சேர்க்கப்பட்டிருக்கும். தாமிரம் நண்டினங்களுக்கு நஞ்சாகக் கூடியது.

கூடு எனும் சொத்து

துறவி நண்டின் வயிற்றுப் பகுதி மென்மையானது, ஒருபுறமாகச் சுருண்டது. பத்துக் கால்களில் ஆறு மட்டுமே வெளியே தெரியும். எஞ்சிய நான்கு சிறு கால்கள் கூட்டை உள்ளிருந்து பற்றிக்கொள்ளும். கூட்டை அது உருவாக்குவதில்லை, இறந்த நத்தைகளிடமிருந்து பெறுகிறது. உடல் வளர வளரப் பெரிய கூட்டுக்கு மாறியாக வேண்டும். கரையில் பெரிய கூடு ஒன்று ஒதுங்கினால், நண்டுகள் உருவ அளவின்படி வரிசையில் நின்று, பெரியது புதிய கூட்டுக்குள் நுழைந்தவுடன் அது விட்ட கூட்டுக்கு அடுத்தது, அதன் கூட்டுக்கு அதற்கடுத்தது என நொடிகளில் மாறிக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். வீடு மாற்றுவதில் இவ்வளவு ஒழுங்கு மனிதரிடையே அரிதுதான்.

பெல்ஃபாஸ்டில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கடல்வாழ் துறவி நண்டுகளுக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தபோது, விருப்பமில்லாத கூட்டில் இருந்தவை எளிதில் வெளியேறின; விரும்பிய கூட்டில் இருந்தவை தயங்கின. வெறும் அனிச்சைச் செயலாக இருந்திருந்தால் இவ்வேறுபாடு தோன்றியிராது. இத்தகைய சான்றுகளின் அடிப்படையில் பிரிட்டன் தனது 2022-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில், உணர்வுள்ள உயிரினங்களின் வரிசையில் நண்டினங்களையும் சேர்த்தது.

இதை மனதில் கொண்டால், வண்ணம் பூசிய கூடுகளுடன் விற்கப்படும் நண்டுகள் ஏன் கண்டிக்கத்தக்கவை என்பது புரியும். அவற்றில் பல, இருந்த கூட்டிலிருந்து வலிந்து வெளியேற்றப்பட்டவை. பூச்சு உரிந்து உணவோடு வயிற்றுக்குள்ளும் செல்கிறது. வளர்ப்போர் ஒவ்வொரு நண்டுக்கும் வெவ்வேறு அளவில் மூன்று முதல் ஐந்து இயற்கைக் கூடுகளையேனும் வைக்க வேண்டும். பெரிய இடுக்கியின் அளவுக்குச் சமமாகவோ சற்றுப் பெரிதாகவோ கூட்டின் வாய் இருப்பது நலம். கூடு போதாத தொட்டியில் நண்டுகள் ஒன்றையொன்று இழுத்துக் கொல்வதும் உண்டு. நண்டைக் கூட்டிலிருந்து கையால் இழுக்கவே கூடாது. அது கிழிந்து இறக்குமே தவிர விடாது.

கடற்கரைகளில் கூட்டுக்கு நிலவும் தட்டுப்பாடு இதன் மறுபக்கம். 2024-இல் போலந்து ஆய்வாளர்கள் உலகெங்கும் பகிரப்பட்ட ஒளிப்படங்களை ஆராய்ந்து, செயற்கைக் குப்பையைக் கூடாக அணிந்த 386 துறவி நண்டுகளைக் கண்டறிந்தனர். பெரும்பாலானவை சுமந்தவை பிளாஸ்டிக் மூடிகள். இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் தீவுகளில், கரையொதுங்கிய பிளாஸ்டிக் புட்டிகளுக்குள் சிக்கி ஆண்டுதோறும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட துறவி நண்டுகள் இறப்பதாக மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது.

சுற்றுலாப் பயணிகளுக்கு

அந்தமான் நிகோபார் தீவுகளில் உரிய அனுமதியின்றிச் சிப்பிகள், சங்குகள், பவளங்களைச் சேகரிப்பதும் எடுத்துச் செல்வதும் கூடாது. ஸ்வராஜ் தீவிலோ ஷாகித் தீவிலோ பொறுக்கிய அழகிய கூடு, விடுதி அறையில் இரவில் நடக்கத் தொடங்கிய பின்னரே உள்ளே நண்டு இருப்பதைப் பலர் உணர்கின்றனர். தேசியப் பூங்காக்களுக்கு உட்பட்ட கடற்கரைகளில் எந்த உயிரினத்தை எடுப்பதும் குற்றம். மேலும் ஒரு சிக்கலும் உண்டு. நிகோபார் பகுதியில் வாழும் தென்னை நண்டு, துறவி நண்டின் நெருங்கிய உறவினம். வளர்ந்தபின் அதற்குக் கூடு தேவையில்லை என்றாலும், இளம் பருவத்தில் அதுவும் நத்தைக் கூட்டைச் சுமந்தே திரியும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள இதைப் பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். பயிற்சியற்ற கண்ணுக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஜப்பானில் கரைவாழ் துறவி நண்டுகள் 1970 முதலே இயற்கை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

ஏற்கெனவே வீட்டில் வளர்ப்போர், பராமரிக்க இயலவில்லை என்று அருகிலுள்ள கடற்கரையில் நண்டை விட்டுவிடுவது தீர்வாகாது. அது எந்தத் தீவிலிருந்து பிடிக்கப்பட்டது என்பது தெரியாத நிலையில், அந்த இடத்துக்கு உரியதல்லாத இனமோ நோயோ பரவ வாய்ப்புள்ளது. கடலுக்குள் வீசினால் மூழ்கிவிடும். முறையான தொட்டி வைத்திருக்கும் வேறொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைப்பதே சரியான வழி. அதுவரை, பெட்டியை மூடி, மணலை ஈரமாக்கி, இரு கிண்ணங்களில் நீர் வைத்தாலே நண்டு சில நாள்களில் இரவு நேரங்களில் சுறுசுறுப்பாக நடமாடத் தொடங்கும்.