தாயத்துக்குள் ஓர் அச்சுத்தாள்

சிவகாசிக்காரர்களுக்கு அச்சுத்தொழிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தீப்பெட்டி லேபிளுக்காக ஊருக்குள் வந்த தொழில் அது; இன்று காலண்டராக வீட்டுக்கு வீடு தொங்குகிறது. ஆனால் பிள்ளையின் அரைஞாணில் கோத்த தாயத்துக்கும் அச்சுக்கும் பழைய உறவு உண்டு.

ஃபாத்திமிய கலீஃபாக்கள் எகிப்தை ஆண்ட காலத்தில், 10, 11ஆம் நூற்றாண்டுகளில், திருக்குர்ஆன் வசனங்களை ஒடுக்கமான நீளத் தாளில் அச்சால் ஒற்றி எடுத்தார்கள். அதைச் சுருட்டி உலோகக் கூட்டில் அடைத்து மேனியில் அணிந்தார்கள். குட்டன்பெர்க் பைபிளை அச்சிட்டது 1455 வாக்கில்தான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இப்படியொரு தாள் இருக்கிறது.

'தஅவீத்' என்ற அரபுச் சொல்தான் நம் நாவில் தாயத்து ஆனது. காப்புத் தேடுதல் என்று பொருள். சொல் வருமுன்பே நம்மிடம் பழக்கம் இருந்தது. சங்க காலப் பிள்ளைகளின் ஐம்படைத்தாலியும் காப்பணிதான். அதனால்தானோ என்னவோ, பிள்ளை பயந்து அழுதால் மாலைத் தொழுகை முடியும் நேரம் பள்ளிவாசல் முன் நிற்கும் தாய்மார்களில் எல்லா மதத்தாரும் உண்டு. தாயத்து அணியலாமா என்பதில் உலமாக்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சில வீடுகளில் தாளுக்குப் பதிலாகப் பிள்ளையின் உலர்ந்த தொப்புள்கொடியையே வைத்து மூடுகிறார்கள்.

கூடு செய்வதில்தான் கைத்திறன் தெரியும். மெல்லிய வெள்ளித் தகட்டைக் கம்பியில் சுற்றிக் குழலாக்குவார் ஆசாரி. விளிம்புகள் சேரும் இடத்தில் வெங்காரம் தடவி, பொடி வைத்து ஊதுவார். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. சுத்த வெள்ளி சுமார் 962 டிகிரி செல்சியஸில் உருகும். பொடி அதற்கு முன்பே உருகிவிடும். வெங்காரம் கண்ணாடிபோல் இளகி, சூட்டில் காற்றுப் பட்டு உலோகம் கறுக்காமல் காக்கும். அப்போதுதான் பொடி இடுக்கெல்லாம் ஓடிப் பிடிக்கும். ஒரு நொடி கூடுதலாக ஊதினால் தகடே உருகிப்போகும். ஒரு முனை மூடியைப் பற்றவைத்து, இன்னொன்றைத் தாள் வைத்தபின் அரக்கால் அடைப்பார்கள். கயிறு கோக்க மேலே வளையங்கள்.

பாட்டி காலத்துத் தாயத்து வீட்டில் இருந்தால், பழைய வெள்ளி என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தாள் இருக்கலாம். அது யார் கையெழுத்து என்று சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.