வாடகையில்லா வாரங்கள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் எளியோர்க்குப் பெருஞ்சுமையாய் நிற்பது உறையுளே. உணவைச் சுருக்கலாம், கிழிந்த உடையைத் தைத்து உடுத்தலாம், வாடகை நாளோ எவர்பொருட்டும் காத்திருப்பதில்லை. பிரித்தானியாவில் கிறிஸ்டோபர் அடிசன் அமைச்சராக இருந்தபோது, 1919ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற வீட்டுவசதிச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் வீடுகள் கட்டி வாடகைக்கு விட அரசின் பொருளுதவிக்கு வழிசெய்தது. இன்று இலாபநோக்கற்ற வீட்டுவசதிச் சங்கங்களும் இப்பணியை ஆற்றுகின்றன. இவ்வீடுகளில் வழங்கிவரும் 'வாடகையில்லா வாரம்' என்னும் நடைமுறையை ஈண்டு ஆராய்வோம்.

தொழிலாளர் வாரக்கூலி பெற்ற காலத்தில், வாடகையும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று தண்டப்பெற்றது. அம்மரபையொட்டி இன்றும் பல இடங்களில் வாடகை வாரக்கணக்கிலேயே, பெரும்பாலும் திங்கட்கிழமைகளில், விதிக்கப்பெறுகின்றது. ஆண்டின் 52 வாரங்களுள் இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு வாடகை விதியாது விடும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. அவ்வாரங்கள் பொதுவாகக் கிறிஸ்துமஸ் காலத்தும், நிதியாண்டு முடிவையொட்டியும் அமையும்.

பெயரைக் கேட்ட அளவில் இஃது ஈகை என்றே நமக்குத் தோன்றும். கணக்கோ வேறு கூறுகின்றது. ஒரு வீட்டின் ஆண்டு வாடகை 6,240 பவுண்டு எனக் கொள்வோம். இதனை 52 வாரங்களுக்குப் பகுத்தால் வாரத்திற்கு 120 பவுண்டு. நான்கு வாரம் நீக்கி 48 வாரங்களுக்குப் பகுத்தால் 130 பவுண்டு. வாரந்தோறும் 10 பவுண்டு கூடுதலாகச் செலுத்தியவர்க்கே அந்த 480 பவுண்டு நான்கு வார ஓய்வாகத் திரும்புகின்றது. ஆகவே இது தள்ளுபடி அன்று. குடியிருப்போர் தாமே சேர்த்த சேமிப்பு.

இவ்வுண்மையை அறியாமையால் வரும் இடர் சிறிதன்று. முன்னரே நிலுவை வைத்திருப்போர் வாடகையில்லா வாரத்திலும் வழக்கம்போல் செலுத்தி, நிலுவையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நிறுவனங்களின் எதிர்பார்ப்பு. மாதந்தோறும் வங்கிவழிச் செலுத்துவோர்க்கு ஆண்டுத்தொகை பன்னிரண்டாகப் பகுக்கப்பெற்றிருப்பின், அவ்வாரங்களிலும் தவணையை நிறுத்துதல் கூடாது.

அரசின் உதவித்தொகையிலும் வேறுபாடு உண்டு. பழைய வீட்டுவசதி உதவித்தொகை வாடகையில்லா வாரங்களுக்கு வழங்கப்பெறுவதில்லை. 2013 முதல் நடைமுறைக்கு வந்த யூனிவர்சல் கிரெடிட் திட்டமோ மாதக்கணக்கினது. நாம் கொண்ட எடுத்துக்காட்டில், 130 பவுண்டை 48ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்க, வாடகைக்குரிய தொகை மாதம் 520 பவுண்டு ஆகும். ஐந்து திங்கட்கிழமைகள் வரும் மாதத்தில் விதிக்கப்பெறும் வாடகை 650 பவுண்டு, குறைவு 130. இக்குறைவை ஈடுசெய்வது வாடகையில்லா வாரங்கள் வரும் மாதமே. அம்மாதத்தில் எஞ்சும் பணத்தைப் பண்டிகைக்குச் செலவிட்டுவிடின், குறைவு நிலுவையாகவே நிலைக்கும். நிலுவை பெருகின் வழக்குமன்றமும், இறுதியில் வீட்டையே இழத்தலும் நேரக்கூடும்.

ஆண்டிற்கு எப்போதும் 52 வாரமே என்பதும் இல்லை. 2019–20, 2024–25 ஆகிய நிதியாண்டுகளில் 53 திங்கட்கிழமைகள் வந்தன. யூனிவர்சல் கிரெடிட்டோ 52 வாரங்களையே அடிப்படையாகக் கொள்வது. அத்தகைய ஆண்டில் நான்கு வாரமே விலக்கினால், 49 வாரங்களுக்கு வாடகை விழும். ஒரு வாரத் தொகை குடியிருப்போரின் கைப்பொருளிலிருந்து வருதல் வேண்டும்.

அங்கு வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு மற்றொன்றும் எண்ணத்தக்கது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பிறைக்கணக்கால் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்வன. வாடகையில்லா வாரங்களோ டிசம்பரையும் மார்ச்சையும் ஒட்டியே நிற்பன. எனவே பெருநாட் செலவிற்கு அவ்வாரங்களை நம்பியிருத்தல் பொருந்தாது. தனியே சேமித்தலே தக்கது.

இடர்ப்படும் கடனாளிக்குத் தவணை அளிக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கின்றது. வாடகையில்லா வாரம் அத்தகைய அருட்கொடை அன்று. எனினும் கணக்கறிந்து கையாள்வோர்க்கு அது மூச்சுவிடும் இடைவெளி. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வாடகை அறிவிப்பில், எத்தனை வாரங்களுக்கு வாடகை, எவ்வெவ்வாரம் விலக்கு என்னும் இரண்டையும் குறித்துக்கொள்வதே குடியிருப்போர் செய்யவேண்டிய முதற்பணி எனலாம்.