வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

"வரவுக்கு மேல செலவு பண்றான், கடன்ல மாட்டிக்கிறான். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன சார் இருக்கு?"

இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, நான் கரும்பிலிருந்துதான் தொடங்குவேன். நம்ம பக்கத்துக் கரும்பு. திருவண்ணாமலை, விழுப்புரம் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளைச் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று, 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் எழுதியது. முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து ஹார்வர்டு வரை போன பொருளாதார அறிஞர்.

ஏன் கரும்பு? நட்டால் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பணம் ஒரே ஒரு தடவைதான் வரும். அதோடு, எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் எந்த ஆலையாலும் அரைக்க முடியாது. அதனால் ஒருவருக்கு முதலில் வெட்டு உத்தரவு வரும், பக்கத்துக் கழனிக்காரருக்குச் சில மாதம் கழித்து வரும். ஒரே தெரு, அதே பண்டிகை, அதே வெயில். ஒரு வீட்டில் பணம் வந்துவிட்டது, அடுத்த வீட்டில் வரவில்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட வசதி கிடைக்காது. அதே விவசாயியை வெட்டுக்கு முன் ஒரு தடவை, வெட்டுக்குப் பின் ஒரு தடவை பார்த்தார்கள்.

வெட்டுக்கு முன், நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 பேர். கடன் இருந்தவர்கள் முன்னால் 99, பின்னால் 13.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கடன் என்பது ஊதாரிகளின் குணம் என்றால், கரும்பு லாரி ஏறிப் போனதும் அந்தக் குணம் எங்கே போயிற்று? அடகுக் கடைக்குப் போன தோடு, பணம் வந்ததும் திரும்பிக் காதுக்கு வந்துவிட்டது. இவர்கள் கடனைக் கட்டத் தெரியாதவர்கள் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை வரும் பணத்தை வைத்து 365 நாளும் சாப்பிட வேண்டியவர்கள்.

அந்த ஆய்வு இன்னொன்றையும் செய்தது, அதுதான் அதைப் பிரபலமாக்கியது. ஒரு சின்ன விளையாட்டு மாதிரி. அட்டையில் 5 5 5 என்று இருக்கும். எத்தனை எண் இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும், அதாவது 'மூன்று'. வாய் 'ஐந்து' என்று ஓடும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். வெட்டுக்கு முன் இதை முடிக்கச் சராசரியாக 146 விநாடி ஆயிற்று, வெட்டுக்குப் பின் 131 விநாடி. தவறுகளும் குறைந்தன. ஆள் அதே ஆள். கையில் பணம் இல்லாத காலத்தில் தலையின் ஒரு பகுதி எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது: நாளைக்கு யார் வருவார், யாரிடம் என்ன சொல்லலாம், எதை எங்கே வைக்கலாம். மிச்ச வேலைகளுக்கு மிச்சத் தலைதான்.

இந்த முடிவை எல்லா ஆய்வுகளும் ஒப்புக்கொண்டன என்று சொல்ல மாட்டேன். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஆட்களைச் சோதித்துப் பார்த்தது. மூளையின் வேகத்தில் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. ஆனால் சம்பளத்துக்கு முன் இருந்தவர்கள், 'நாளைக்கு வரும் பெரிய தொகையைவிட இன்றைக்கு வரும் சின்னத் தொகை போதும்' என்றார்கள். என்னைக் கேட்டால், சில வாரத்தில் வந்துவிடும் சம்பளத்தையும் வருடத்துக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் அந்த 'இன்றைக்கு வந்தால் போதும்' என்ற பதிலை மட்டும் மறந்துவிடாதீர்கள். வட்டிக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம் அதுதான்.

தண்டலை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் கேட்டால் 8,500 கையில் வரும். நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். கேட்டால் 'பதினைந்து வட்டிதானே' என்பார்கள். எங்கே இடிக்கிறது என்றால், நூறு நாளும் அந்தப் பணம் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஐம்பதாம் நாளில் அவர் பணத்தில் ஏறக்குறைய பாதிதான் உங்களிடம் மீதம். ஆனால் வட்டி மட்டும் முதல் நாளே, முழுத் தொகைக்கும் பிடித்தாகிவிட்டது. நாளாக நாளாகக் குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு நூற்றுக்கு 33 காசு. வருடத்துக்கு 120 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

"இது தெரியாமலா வாங்குறாங்க?" தெரிந்துதான் வாங்குகிறார்கள். பூக்கட்டி விற்கும் அம்மாவுக்கு வருட வட்டி எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது. 'தினம் நூறு ரூபாய் என்னால் எடுத்து வைக்க முடியுமா?' என்பதுதான் கேள்வி. தினம் விற்பனை உள்ளவருக்குத் தண்டல் ஒருவகையில் பொருந்திப் போகிறது. காகிதம் கேட்பதில்லை, வாசலுக்கே வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஜாமீனுக்கு யார் காலிலும் விழ வேண்டாம். அந்த வசதிக்குத்தான் 120 சதவீதம். இதைச் சொல்லாமல் தண்டல்காரரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் எதுவும் விளங்காது.

சிக்கல், பணம் தினம் வராதவர்களுக்கு. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அதன் ஓரத்தில் கடை விரிப்பவருக்கு மாதத்தின் பெரிய வரும்படி அந்த ஒன்றரை நாளில்தான். மற்ற நாளில் காற்று வாங்கலாம். ஆனால் சரக்கு எடுக்க வாங்கிய தண்டலுக்கு அமாவாசையன்றும் நூறு ரூபாய் கொடுத்தாக வேண்டும். வருமானம் நிலாவைப் பார்த்து வருகிறது, தவணை கடிகாரத்தைப் பார்த்து வருகிறது.

குழுக் கடனிலும் இதே கதை, கொஞ்சம் மரியாதையாக. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தருவது நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் கரும்பு போட்ட குடும்பத்துக்கு வருடத்தில் 1,20,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் பத்தாயிரம். அதில் பாதி ஐயாயிரம் வரை தவணை கட்டலாம் என்று காகிதம் சொல்லும். அந்தப் பத்தாயிரம் எந்த மாதத்தில் வந்தது? ஒரு மாதம் 1,20,000, பதினோரு மாதம் சுழி. அந்த வகுத்தலில்தான் குடும்பம் தடுக்கி விழுகிறது. அதுமட்டுமில்லாமல், தண்டலும் கைமாத்தும் எந்தக் கணினியிலும் ஏறாத கடன்கள். பாதி என்று நினைப்பது முக்காலாக இருக்கும்.

தவணை நாளில் ஒருத்தியிடம் பணம் இல்லையென்றால் குழுவில் மற்றவர்கள் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் தண்டல் வாங்கிக் குழுவுக்குக் கட்டுவாள். தண்டலைக் கட்ட வேறு வட்டி. இந்த ஏணியின் கடைசிப் படி கந்துவட்டி. அதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் இருக்கும்போதேதான் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள் என ஒரு குடும்பமே தீயில் கருகியது. கடன் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் மாநில அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. வசூலிக்க வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். கரும்பு எப்போது விளையும் என்று சொல்ல முடியாது.

"சரி சார், அவங்க ஏழைங்க. மாசம் பொறந்தா சம்பளம் வாங்குறவன் ஏன் சார் மாட்டுறான்?"

நியாயமான கேள்வி. இங்கே ஊதாரித்தனத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, மறைக்க வேண்டாம். செல்போன், பைக், வீட்டில் ஒரு காதுகுத்து என்றால் மண்டபம், வாசலில் பிளக்ஸ். (கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர்களில் மூத்தவர் திருப்பதிப் பெருமாள்தான், குபேரனுக்கு இன்னும் வட்டி கட்டுவதாகத்தான் கதை. நம்ம ஊர்க் கிரிவலத்தில் ஏழாவது லிங்கம் குபேர லிங்கம். அங்கே கூட்டம் ஏன் நெரிகிறது என்று விளக்கத் தேவையில்லை.) ஆனால் ஆசை எல்லாக் காலத்திலும் இருந்தது. முன்பு ஆசைக்கும் கடைக்கும் நடுவில் காசு சேர்க்கும் சில மாதங்கள் இருந்தன. இப்போது கடன் கொடுப்பவர்கள் அந்த இடைவெளியை எடுத்துவிட்டார்கள்.

எடுத்தவர்கள் சும்மா எடுக்கவில்லை. 'ஜீரோ வட்டி' என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலும், செயலாக்கக் கட்டணத்திலும் வட்டி ஒளிந்துகொண்டிருக்கும்.

கிரெடிட் கார்டு இன்னும் நயமானது. கார்டில் 50,000 ரூபாய் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் இதை ஒட்டித்தான் இருக்கிறது. வட்டி 1,750. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 315. ஆக 2,065. பில்லில் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று ஐந்து சதவீதம், அதாவது 2,500 ரூபாய் போட்டிருக்கும். ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். அசலில் குறைந்தது 435 ரூபாய். புதிதாக ஒரு பைசா தேய்க்காமல் மாதாமாதம் பாக்கியில் அந்த ஐந்து சதவீதத்தை மட்டும் கட்டினால் 50,000 என்பது 25,000 ஆவதற்கு ஆறரை வருடம் ஆகும். அதற்குள் நீங்கள் கட்டியிருப்பது 1,40,000 ரூபாய்க்கு மேல். ஒருநாள்கூடத் தவறாதவர் நீங்கள். வங்கி உங்களை நல்ல வாடிக்கையாளர் என்றுதான் சொல்லும். கார்டு பாக்கிக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

சம்பளக்காரருக்கும் கரும்பு விவசாயிக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை எனக்கு. இருவரும் பார்ப்பது இந்த மாதம் கையை விட்டுப் போகும் தொகையை. நூறு ரூபாய் முடியுமா, 2,500 முடியுமா. முடியும் என்றால் வாங்கிவிடுகிறார்கள். விற்பவர்களும் அந்த ஒரு எண்ணை மட்டும்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க இரண்டு விஷயம் உண்டு. வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபருக்குத் தரும் கடனுக்கு, 2024 அக்டோபர் முதல் 'முக்கிய விவரத் தாள்' ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும், தமிழில் கேளுங்கள். கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வாங்க முடியாது. கிரெடிட் கார்டுக்கு இந்தத் தாள் கிடையாது, தண்டலுக்குக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, குழுக் கடன் வாங்குகிறவர்களுக்கு. அதே 2022 விதிகளில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது: கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியை மாற்றியமைக்க ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை ஒன்றை வைத்திருக்க வேண்டும். வாரமா, மாதமா, வெட்டுக்குப் பிறகா என்று கேட்கலாம். கூட்டத்தில் ஒருத்தி கேட்டால் 'அப்படியெல்லாம் கிடையாதும்மா' என்று பதில் வரலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால், வந்திருக்கும் தம்பி மேலதிகாரிக்குப் போன் போட்டுத்தான் ஆக வேண்டும்.